பிரிட்ஜ் என்னுடையது

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் கருவாடு காயவைக்கும் வேலைக்கு நின்ற நாட்களில் எனக்குப் படுக்க இடம் தந்தவர் ஓர் அக்கா. கடலுக்குப் போன கணவன் திரும்பாத பிறகு, மீன் வெட்டி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு முன்னால் இருந்த வலைக் கொட்டிலில் நான் பாய் போட்டேன்.

அந்த வீட்டில் ஒரு பிரிட்ஜ் நின்றது. நிலாவெளிக் கடற்கரை விடுதி ஒன்று கழித்துவிட்டதைப் பக்கத்து வீட்டு அண்ணன் தன் ஓட்டோவில் ஏற்றிவந்து கொடுத்திருந்தார். மோட்டார் இல்லை, வயரும் அறுந்தது. உள்ளே அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கொப்பிகள். எலியும் உப்புக்காற்றும் அண்டாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அரச உதவிப் பணத்துக்குப் பதிந்தவர்களின் வீடுகளைப் பார்க்க மறுநாள் ஆள் வரும் என்று தெரிந்தபோதுதான் பிரிட்ஜ் பெரிய விஷயமாயிற்று. பிரிட்ஜ் இருந்தால் வசதியான குடும்பம் என்று தள்ளிவிடுவார்கள் என்ற கதை ஊரெல்லாம் ஓடியது. அந்தப் பணம் வந்தால்தான் மூத்தவள் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து பஸ்ஸில் போகலாம்.

அன்று பின்னேரம் அண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு தொடங்கினார்.

“அரசாங்கம் குடுத்துக் குடுத்துத்தான் நாடு இப்பிடிக் கிடக்கு. உழைக்கிறவன் வரி கட்ட, மற்ற ஆக்கள் சும்மா இருந்து சாப்பிடுகினம்.”

அக்கா மீன் வெட்டிய கையைக் கழுவாமலே திரும்பினார். “நான் இருந்தோ சாப்பிடுறன்?”

“உன்னைச் சொல்லேல்லைப் பிள்ளை. பொதுவாச் சொன்னனான்.”

எனக்கு இந்தக் கதையில் ஆர்வம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராக வேலைக்கு வெளிக்கிட்டவன் நான். வரி என்றால் கந்தோர்களில் மேசை போட்டு வேலை செய்பவர்கள் கட்டுவது என்றே நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அக்கா சிரித்தார்.

“தம்பி, நேற்று நீங்கள் குளிக்க வாங்கின சவர்க்காரத்தில வரி இல்லையோ? போனுக்குக் காசு போடேக்க வெட்டுறது என்ன?”

எத்தனை ஊர்க் கிணறுகளில் எத்தனை சவர்க்காரம் தேய்த்திருப்பேன்! அந்த வரியெல்லாம் எங்கே போய், யாருக்கு என்னவாக மாறியிருக்கும்? கேட்டேன். “பெற்றோலில நான் கட்டுறது உம்மட சவர்க்காரத்தை விடக் கூட” என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

“அப்ப இந்தப் பிரிட்ஜை ஒரு நாளைக்கு உங்கட வீட்டில வையுங்கோவன், அண்ணை,” என்றார் அக்கா.

அண்ணன் தலையைச் சொறிந்தார். “அது ஏலாது. நானும் பதிஞ்சிருக்கிறன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் அண்ணன்தான். எந்தப் பதிவிலும் இல்லாத ஆள் நான். பிரிட்ஜ் என்னுடையது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஓர் உடுப்புப் பையைத் தவிர எதையும் வைத்திராத எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மறுநாள் வந்தவர் ஓர் இளம் பெண். வெயிலில் நடந்து களைத்திருந்தார். பிரிட்ஜைக் கண்டதும், “இது ஆருடையது?” என்றார்.

“என்ர, மிஸ்.”

“நீங்கள் இந்த வீட்டிலயோ இருக்கிறியள்?”

“ஓம்.”

“என்ன வேலை? நாளுக்கு எவ்வளவு கிடைக்கும்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிரிட்ஜை மறைக்கப் போய், சம்பளக்காரன் ஒருவனை அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டேன். அண்ணன் வேலிக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

“மிஸ், அவர் சும்மா சொல்லுறார்,” என்றார் அக்கா. “படுக்க மட்டும் இடம் குடுத்தனான். அறுவடை தொடங்கினா வயல் வேலைக்குக் கட்டைபறிச்சான் ஊருக்குப் போயிடுவார். பிரிட்ஜ் என்ர. திறந்து பாருங்கோ.”

அவர் திறந்தார். அரிசி வாசம் வந்தது. மடித்து வைத்த வெள்ளைச் சீருடையைத் தொடாமல் சற்று நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் அறுந்த வயரைப் படம் எடுத்தார்.

“இந்தப் படிவத்தில பிரிட்ஜ் இருக்கா இல்லையா எண்டுதான் கேக்குது,” என்றார், யாரிடமோ முறையிடுவதுபோல. “பழுது எண்டு கீழ எழுதி விடுறன். மேல இருக்கிறவை என்ன செய்வினமோ தெரியாது.”

சில மாதங்கள் கழித்து அக்காவைப் போனில் அழைத்தேன். பணம் வருகிறதாம். மூத்தவள் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டோ வைத்திருப்பவர் என்று தள்ளிவிட்டார்கள்.

“இப்ப அண்ணை எல்லாருக்கும் குடுக்கவேணும் எண்டு கதைக்கிறார். மேன்முறையீடு செய்ய நாளைக்கு நானும் அவரோட கந்தோருக்குப் போறன்.”

மூத்தவளின் பஸ் காசில் என் சவர்க்கார வரியும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டேன்.

“இருக்கும், இருக்கும். உங்கட பிரிட்ஜும் இஞ்சதான் நிக்குது. எப்ப வந்து எடுக்கப்போறியள்?”