பால்வாடி முருங்கைக்கீரை

இன்று காலை என் மகள் தள்ளிவிட்ட தட்டிலிருந்து எழுந்த முருங்கைக்கீரைப் பருப்பின் வாசம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில், கடலை ஒட்டி இருந்த பால்வாடிக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

எத்தனை முறை பெருக்கினாலும் மணல் நறநறக்கும் சிமெண்டுத் தரை, அலைச்சத்தத்தோடு கலந்து கேட்கும் அலுமினியத் தட்டுகளின் சத்தம், அதற்கு நடுவே சோற்றில் பச்சையாக எது தெரிந்தாலும் பொறுக்கி ஒதுக்குகிற பிள்ளையாக நான். சமைத்துப் போட்ட ஆயா ஒருநாளும் என்னை அதட்டியதில்லை, வாயில் திணித்ததில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து முருங்கை மரத்தடிக்குப் போய், கிளையை வளைத்துப் பிடித்து, என்னையே கீரையைப் பறிக்கச் சொல்வார். அது பருப்போடு வெந்ததும் ஒரு வாய் உருட்டி நீட்டுவார்.

"நீ பறிச்ச கீரம்மா இது. நீயே துன்னலைன்னா வேற யாரு துன்னுவா?"

நான் தின்றேன்.

அவர் வீடும் பால்வாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டும் போயின. அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில், காணாமல் போனவர்களை எழுதிக்கொண்டிருந்தவரிடம் போய், "பால்வாடி ஆயாவக் காணோம் சார்" என்றேன்.

"பேரு என்னம்மா?"

மூன்று வருடம் அவர் கையால் சாப்பிட்டவள், மறுபடியும் "ஆயா" என்றுதான் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்தான், "செங்கேணி" என்று சொன்னாள். அந்தப் பெயரை நான் முதல்முறையாகக் கேட்டது அங்கேதான்.