அக்கா கல்யாணத்தில் வாசித்த பேண்டு

காலை ஏழே முக்காலுக்கு, காஜா பெராங் கோயில் வாசலில், வளைந்த பெரிய பித்தளைக் குழல் ஒன்று அடிவயிறு அதிர முழங்கியபோதே என் அக்காவின் கல்யாணம் கோளாறாகத் தொடங்கிவிட்டது. "மெர்டேக்கா" சுதந்திர தின ஊர்வலங்களுக்கென்று நாதசுவரக்காரர்களை எல்லாரும் முன்பே பிடித்துக்கொண்டதால், அப்பா டவுனிலிருந்து சீனர் "பேண்டு" ஒன்றை அமர்த்தியிருந்தார். துள்ளலான மெட்டு, பிள்ளைகள் நாங்கள் குதித்து ஆடினோம்.

மாப்பிள்ளை வீட்டார் புக்கிட் ரம்பாயிலிருந்து "லோரி"யில் வந்து நின்றபோதும் அதே மெட்டுதான். லோரியின் பின்தட்டில் நின்றிருந்த தோட்டத்துச் சனம் கைதட்டித் தாளம் போட்டது. முன்னிருக்கையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தைக்கு மட்டும் முகம் வெளுத்தது. செமாபோக்கில், சீனர் இடுகாட்டுக்குப் போகும் சாலையோரம் குடியிருப்பவர் அவர்.

"யாரும் எறங்காதீங்க. இது பொணத்துக்கு வாசிக்கிற பாட்டு."

அப்பா வாசிப்பை நிறுத்தச் சொல்லிப் பேண்டுத் தலைவரிடம் மலாயில் விசாரித்தார். மெட்டு ஒன்றுதான், மெதுவாக வாசித்தால் சாவு, வேகமாக வாசித்தால் கல்யாணம் என்றார் அந்த மனிதர், சற்றும் கலங்காமல். அப்பா வந்து அதை அப்படியே சொன்னதுதான் தாமதம், சற்றுமுன் தாளம் போட்ட பெண்களில் ஒருத்தி, வேறு யாரையோ நினைத்துக்கொண்டவள்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்ட காதுகளுக்குப் பின்னால் ஏதோ மாறியிருந்தது. எனக்குள்ளும், நின்றுபோன வாத்தியம் இப்போது மெதுவாக ஒலிக்கத் தொடங்கியது.

ஒன்பதுக்குள் தாலி ஏற வேண்டும். அபசகுனம் என்று மாப்பிள்ளை திரும்பிப்போனால் அந்தப் பேச்சு அக்காவை விட்டு என்றைக்கும் போகாது என்று அம்மா உள்ளே விசும்பினாள். அத்தை சொல்ல, டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அப்போதுதான் மாப்பிள்ளை, வேட்டியை மடித்துக்கொண்டு, பின்பக்கமாகக் குதித்து இறங்கி வந்தார்.

"வேகமா வாசிச்சா கல்யாணம்தானே, மாமா? இன்னும் கொஞ்சம் வேகமா வாசிக்கச் சொல்லுங்க. நேரமாச்சு."

மேளக்காரருக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு வாசித்தார்கள். அத்தை கடைசியாக இறங்கினார், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

அந்தப் பேண்டு இப்போது இல்லை. சீனர் சவ ஊர்வலங்களிலும் ஒலிபெருக்கி கட்டிய வேன்தான் போகிறது. எங்காவது அந்த மெட்டு கேட்டால் எனக்குச் சாவும் தோன்றுவதில்லை, கல்யாணமும் தோன்றுவதில்லை. கிளம்பிய லோரியின் உறுமல்தான் கேட்கிறது. அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் போட அவள் பதிவு செய்து வைத்திருக்கும் கேசட்டை, எந்தப் பாட்டு யாருக்கு எதை நினைவூட்டித் தொலைக்குமோ என்று ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் ஒரு பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா மச்சான், இன்னும் அந்த லோரியவே பாத்துக்கிட்டு நிக்கிறியா? நான் அன்னிக்கே எறங்கிட்டேன்."