இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவியதா?

பூட்டுத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் முதல் மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அதில் பதினொரு ஆண்டுகளாக வீற்றிருப்பவரின் வரலாறு இது. வரலாறு என்றதும் யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அவர் எந்தப் போரிலும் கலந்துகொண்டதில்லை. மூன்றாம் மாடிப் பிரிண்டரோடு ஒருமுறை இரண்டு நாள் மல்லுக்கட்டினார், பிரிண்டர் வென்றது.

கம்பெனியில் அவருக்கு ரீஸ்டார்ட் சார் என்று பெயர். யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும், "ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்பார். பத்தில் ஏழு எழுந்துவிடும். மீதி மூன்றுக்காகத்தான் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு திருப்புளி.

புகார் சொல்கிறவர்கள் நேரில் வரக் கூடாது; டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்றால் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பும் புகார்ச் சீட்டு. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பதினான்கு நாள் எந்தப் பக்கத்திலிருந்தும் அசைவில்லை என்றால் சீட்டு தானாகவே மூடிக்கொள்ளும். பதிமூன்றாம் நாள் யாராவது 'பார்வையில் உள்ளது' என்று ஒரு வரி தட்டிவிட்டால் போதும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இந்த ஒரு வரியால் ரீஸ்டார்ட் சார் ஒரு ஸ்கேனரை இரண்டரை ஆண்டு உயிரோடும் இல்லாமல் இறக்கவும் விடாமல் வைத்திருந்தார்.

பெரிய மனிதர்கள் நாட்குறிப்பு எழுதுவார்கள். ரீஸ்டார்ட் சாரிடம் இருந்தது ஒரு குறிப்புக் கோப்பு. ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்று வரி: அறிகுறி, காரணம், தீர்வு. 'அறிகுறி: கணக்குப் பிரிவில் திரை கறுப்பு. காரணம்: சுவிட்ச் போடவில்லை. தீர்வு: சுவிட்ச். யாரிடமும் சொல்லவில்லை.' இப்படி நானூற்றுச் சொச்சம்.

சொந்த விஷயங்களையும் அவர் அதிலேயே எழுதினார். வேறு கோப்பு திறக்கச் சோம்பல். அவருடைய சொந்த விஷயங்களில் முக்கியமானது ஒரு கப்பல். கடலில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டும் இணையதளம் ஒன்றில், அடிப்பாகம் சிவப்பான ஒரு சரக்குக் கப்பலை ஒரு மதிய இடைவேளையில் கண்டார். அன்றிலிருந்து நான்கு ஆண்டுகளாக அதைக் கண்ணும் கருத்துமாகப் பின்தொடர்ந்து வருகிறார். கப்பலுக்கு இது தெரியாது. 'துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஆறாம் நாள். இன்னும் உள்ளே விடவில்லை' என்று எழுதிய அன்று அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இறங்கியது. சில காலமாக எதுவும் அவருக்கு இறங்காமல் இருந்ததில்லை. எதுவும் தங்கியதும் இல்லை.

அவருடைய மனைவிக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அந்த அம்மாளின் கைவண்ணம். வீட்டில் மட்டும் அந்தத் திறமைக்கு வேலை இருக்கவில்லை. ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு பேரும் இரண்டு நாற்காலியும்தான் வீடு. ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், கடலோர நகரம் ஒன்றில், ஒரு பெரிய கூடத்தின் பொறுப்பே மனைவிக்குக் கிடைத்தது. கடிதம் வந்த அன்று மாலை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க வர்றீங்களா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா, பாக்கலாம்."

மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "பாருங்க, உங்க ஆஃபீஸ் சட்டம் எனக்கும் தெரியும். பதினாலு நாள். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு பதில் வரணும். பாக்கலாம், யோசிக்கறேன், ம்ம், இதெல்லாம் பதில்ல சேராது. பதினாலாம் நாள் சாயந்திரம் நான் மூடிடுவேன். அப்புறம் திறக்க மாட்டேன்."

"திறக்கலாம். அதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

"உங்க ஆஃபீஸ்ல இருக்கும். இங்க இல்ல."

ரீஸ்டார்ட் சார் தனக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பயம் அகப்படுமா, வருத்தம் அகப்படுமா, போனால் போகட்டும் என்கிற கோபமாவது அகப்படுமா என்று. ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுநாள் கோப்பில் எழுதினார்: 'எண் 412. அறிகுறி: மனைவி ஊர் மாறுகிறாள். வர்றீங்களா என்று கேட்டாள். பதில் வரவில்லை. காரணம்: தெரியவில்லை. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. தீர்வு:' அதற்குப் பிறகு வெற்றிடம். அடுத்த வரியில் கப்பல்.

நாட்கள் போயின. ஐந்தாம் நாள், கம்பெனிக்கு அறிவுத்தாகம் எடுத்தது. ரீஸ்டார்ட் சாரின் மண்டையில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், அவர் இல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டும் என்று மேலாளர் ஒரு கூட்டத்தில் கண்டுபிடித்தார். 'அறிவுக் களஞ்சியம்' என்ற ஒன்று திறக்கப்பட்டது. ஊழியர் தன் கோளாறைத் தட்டினால் பொருத்தமான குறிப்பு திரையில் வந்து நிற்கும். கீழே ஒரு கேள்வி: இந்தக் குறிப்பு உங்களுக்கு உதவியதா? ஆம், இல்லை என்று இரண்டு பட்டன். அதற்கும் கீழே கருத்து எழுத இடம்.

ரீஸ்டார்ட் சார் பொறுப்பானவர். இரண்டு நாள் உட்கார்ந்து, கோப்பிலிருந்து மனைவி, மகள், கப்பல், குடும்பம் அனைத்தையும் களைந்தார். களைந்ததற்கு 'குறிப்பு இறுதி' என்று பெயர் வைத்தார். களையாததற்கு ஏற்கெனவே 'குறிப்பு இறுதி புதியது' என்று பெயர். 'குறிப்பு உண்மையான இறுதி' என்று இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று அவருக்கே தெரியாது. கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை இருநூறு பேருக்கு வகுப்பெடுக்கும் மனிதர், ஏழாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, இருப்பதிலேயே புதியதாகத் தெரிந்ததைக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

எட்டாம் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் லிஃப்டில் அவருக்கு வழிவிட்டார்கள். பத்தாம் நாள், கேட்காமலே டீ வந்தது. பதினொன்றாம் நாள் விற்பனைப் பிரிவில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எதற்கென்று சொல்லாமல் போனார். தனக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்கள் என்று முடிவுகட்டிய ரீஸ்டார்ட் சார், அதற்கும் உள்ளே துழாவினார். ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு டிக்கெட் வந்தது. அனுப்பியது கணக்குப் பிரிவு அக்கா. கம்பெனியில் யாருக்கும் பயப்படாதவர் அவர் ஒருவர்தான். பழைய கம்ப்யூட்டருக்குக்கூட அவரிடம் பயம். 'குறிப்பு எண் 412 முழுமையாக இல்லை. தீர்வு காலி. உடனே நிரப்பவும்.'

ரீஸ்டார்ட் சார் களஞ்சியத்தைத் திறந்தார். மின்னஞ்சல் போகவில்லை என்று தவிக்கிற எவரும் 'பதில் வரவில்லை' என்றுதானே தட்டுவார்கள். தட்டிய அத்தனை பேருக்கும் முதலில் வந்து நின்றது அவருடைய மனைவி. உதவியதா என்ற கேள்விக்கு ஆம்: பூஜ்யம். இல்லை: முப்பத்தொன்று. கீழே கருத்துகள்.

'எனக்கும் இதே கோளாறு. பதினெட்டு வருஷமாக ஓடுகிறது.'

'ஆஃப் பண்ணி ஆன் பண்ண முயல வேண்டாம். சொந்த அனுபவம்.'

'கூடப் போங்க சார்.'

'போகாதீங்க சார், எங்க பிரிண்டருக்கு யாரு?'

பின்னோக்கி உருட்டினார். கப்பலுக்கு ஏழு 'ஆம்' விழுந்திருந்தது. அதற்கும் பின்னால், இரண்டு ஆண்டு முந்தைய எண் 268 நின்றது. 'அறிகுறி: அண்ணன் போன் எடுக்கவில்லை. காரணம்: இதயம். தீர்வு: இல்லை.' ஐம்பத்தேழு பேர் படித்திருந்தார்கள். யாரும் எந்தப் பட்டனையும் தொடவில்லை. கருத்தும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத கம்பெனி அது.

அவர் மாடி ஏறிக் கணக்குப் பிரிவுக்குப் போனார்.

"அக்கா, அது தப்பா ஏறிடுச்சு. எடுத்துடறேன். டிக்கெட்ட மூடிடுங்க."

"எதுக்கு மூடணும்? தீர்வு எங்க?" அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை, அதற்கு மேலே பார்த்தார். "என் மெஷின் செத்தப்ப நீங்க என்ன சொன்னீங்க, தம்பி? காரணம் தெரியாட்டியும் பரவால்ல, ஏதாவது ஒண்ண மாத்திப் பாப்போம்னீங்க."

"அது மெஷின்."

"ஆமா, நீங்க மட்டும் என்னவாம்? ரெண்டு வருஷமா உங்கள யாராவது ஆன்ல பாத்திருக்காங்களா?"

ரீஸ்டார்ட் சார் அக்காவின் கம்ப்யூட்டர் சுவிட்சைப் பார்த்தார்.

"வேலைக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கறீங்களா? இங்கயே இருந்துக்கிட்டு என் மெஷினத் தொட மாட்டீங்க. கீழ உக்காந்துதானே என் ஸ்க்ரீன்ல எலிய ஓட்டறீங்க. அங்கருந்து தொடாம இருக்கறதுல என்ன கஷ்டம்?"

மேலாளரும் அதையேதான் வேறு முகத்தோடு சொன்னார். "இது கம்பெனிக் களஞ்சியம், குடும்ப ஆல்பம் இல்ல. உடனே எடுங்க." பிறகு குரலைத் தணித்து, "தூரத்துலேர்ந்து பாக்கறதுன்னா ஒரு லெட்டர் குடுங்க. பாக்கலாம்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை வேறொருவர் வாயிலிருந்து பதிலாகக் கேட்பது ரீஸ்டார்ட் சாருக்கு இதுவே முதல் தடவை. வாசலில் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. 'போல' என்பது நாம் சேர்த்தது; அவர் குறித்துக்கொண்டதோடு சரி.

களஞ்சியத்திலிருந்து எல்லாவற்றையும் அன்றே எடுத்தார். ஒன்றைத் தவிர. டிக்கெட் திறந்திருக்கும்வரை அது சுட்டும் குறிப்பை அழிக்க முடியாது. அந்தப் பூட்டைப் போட்டவர் அவரேதான்.

பதினான்காம் நாள் மாலை. மனைவியின் பெட்டி கூடத்தின் நடுவில் திறந்து கிடந்தது. பல் அச்செடுக்கும் கருவிகளைத் துணியில் சுற்றி, ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டிதான் எடுத்திருந்தாள். அதை ரீஸ்டார்ட் சார் கவனித்தார்.

"மணி ஆறாகப் போகுது" என்றாள், நிமிராமல்.

அவர் போனை நீட்டினார். அதில் கோப்பு முழுவதும் இருந்தது. "இதப் படி."

"என்னது?"

"எனக்குச் சொல்ல வரல. இதுல இருக்கு. ஆஃபீஸ்ல எல்லாரும் படிச்சாச்சு."

"எல்லாரும் படிச்சப்புறம் எனக்கு. நல்ல மரியாதை." ஆனால் வாங்கிக்கொண்டாள். பெட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்து படித்தாள். வெகுநேரம் படித்தாள். ஓரிடத்தில் மூக்கால் சிரித்தாள்.

"இந்தக் கப்பலப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"கேட்டதில்ல."

"எங்க வீட்டுக்காரர் கப்பல் வளக்கறாரான்னு எந்தப் பொண்டாட்டி கேப்பா? உலகத்துல அது போற ஊருக்கெல்லாம் கூடவே போகத் தெரியுது. நான் கூப்பிட்டா ரெண்டு வாரம்."

பிறகு எண் 268 வந்திருக்க வேண்டும். விரல் நின்றது. கீழே உருட்டினாள், மறுபடி மேலே வந்தாள்.

"உங்க அண்ணனப் பத்தி இவ்ளோதானா?"

"அவ்ளோதான் தெரிஞ்சுது."

"அடுத்த வரி பிரிண்டர்."

"அன்னைக்குப் பிரிண்டரும் ஓடல."

மனைவி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அழுதாளா என்று அவர் பார்த்தார், அழவில்லை. அவர் அழுகிறாரா என்று அவளும் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"நீங்க காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போனீங்க. நான் தடுத்திருக்கணும்" என்றாள். "சரி. இப்ப வாயால சொல்லுங்க. எழுதிக் காட்டக் கூடாது. வர்றீங்களா?"

"வரேன்."

சொன்னபின் உள்ளே துழாவினார். இப்போதும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதையும் சொல்லிவிடுவதே யோக்கியம் என்று பட்டது.

"ஆனா ஆசையா வர்றேனான்னு கேட்டா, தெரியல. வரலன்னா வருத்தப்படுவேனான்னும் தெரியல. ஏதாவது ஒண்ண மாத்திப் பாக்கலாம்னுதான்."

மனைவி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "தெரியாட்டிப் போகுது. அங்க வந்து தெரியாம இருங்க. மேல பரண்ல இன்னொரு பெட்டி இருக்கு, எடுங்க."

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது வாங்கிய நீலப் பெட்டி. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. மனைவி எண்ணெய் எடுத்துவர உள்ளே போனாள். அவர் ஜிப்பைப் பின்னுக்குத் தள்ளி முழுக்க மூடினார். ஒரு மூச்சு விட்டு மறுபடி இழுத்தார். திறந்துகொண்டது. உள்ளே மகளுடைய ஒற்றைக் காலுறை ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று மனைவியிடம் கேட்டார்.

மறுநாள் காலை எண் 412இல் தீர்வை நிரப்பினார்: 'வரேன் என்று சொல்லப்பட்டது. கண்காணிப்பில்.' பத்து நிமிடத்தில் கணக்குப் பிரிவு அக்கா டிக்கெட்டை மூடினார். குறிப்பை அழிப்பதற்கு முன் ரீஸ்டார்ட் சார் பட்டன்களைப் பார்த்தார். இல்லை: முப்பத்தொன்று. ஆம்: பூஜ்யம். அக்கா எதையும் அழுத்தியிருக்கவில்லை. தெரியாத விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல அவர்.