வால்கோட்டின் வலது கை

சலவைக் கடையின் பின்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேன்ட்டுக்கு ஜிப்பு மாற்றுவது, கால் உயரம் குறைப்பது, பெருத்துப் போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துக் கொடுப்பது, இதுதான் அவள் பிழைப்பு. புதுத்துணி தைக்கத் தெரியாதா என்றால் நன்றாகவே தெரியும். கேட்பாரில்லை. கடைக்கு மேலேயே ஓர் அறை. மிஷினை விட்டு எழுந்தால் மாடிப்படி, படியேறினால் கட்டில். அவ்வளவுதான் அவள் போக்குவரத்து.

கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவன் பெண்டாட்டி வீட்டோடு ஐக்கியமாகிக் கடல் தாண்டிப் போனவன், துக்கம் விசாரிக்கக்கூட போன்தான் செய்வான். இளையவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள், அது நடை பழகும் முன்னே கண்ணை மூடிவிட்டாள். அந்தக் குழந்தையை ஜிப்பக்காதான் வளர்த்தாள். மிஷினுக்குக் கீழே துணி விரித்துப் போட்டால், கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிவிடும். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "அப்புறம் இதை யார் பாத்துக்குவா?" என்று தட்டிக் கழித்தாள். நாலாம் வகுப்பு முடிந்தபோது தங்கை புருஷன் மறுகலியாணம் செய்துகொண்டு, "என் பிள்ளை என்கூட இருக்கட்டும்" என்று வந்து நின்றான். பெற்றவன் கேட்டால் என்ன சொல்ல முடியும்? ஃப்ராக்குகளை மடித்துக் கொடுத்து அனுப்பினாள். வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளட்டும் என்று ஒவ்வொன்றிலும் கீழ்மடிப்பை நாலு விரல் பெரிதாக வைத்திருந்தாள். அங்கே யார் பிரித்து விட்டார்களோ!

அந்தப் பெண்ணை அன்றும் இன்றும் அவள் கூப்பிடுவது சின்னது என்றுதான். சின்னதுக்கு இப்போது முப்பது ஆகப் போகிறது. வேறு ஊரில் ஆபீஸ் வேலை, சாயங்காலமானால் நாடகக் குழு. வந்து எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஒருநாள் திடீரென்று போன்.

"பெரியம்மா, எனக்கு ஒரு கோட்டு வேணும். அந்தக் காலத்து துரைங்க போடுவாங்களே, முன்னாடி இடுப்போட நின்னுட்டு, பின்னாடி ரெண்டு வாலு தொங்குமே, அது. நாடகத்துல நான்தான் துரை."

"ஏன்டி, ஆம்பளைங்க யாரும் அகப்படலையா?"

"நாலு பேரு இருக்காங்க. மீசை எனக்குத்தான் எடுப்பா இருக்காம்."

ஜிப்பக்கா சிரித்து எத்தனையோ நாளாயிற்று. சின்னது மேலே சொல்லிக்கொண்டே போனாள். "துணி வெட்டற பேட்டர்ன் படம் போன்ல அனுப்பறேன், அளவும் அனுப்பறேன். தைச்சுப் பார்சல்ல போட்டுடுங்க."

பார்சல் என்றதும் சிரிப்பு போய்விட்டது. "உடம்பைப் பாக்காம கோட்டு தைக்க முடியாது. அது தோள்ல நிக்கற துணி. ஒருதரம் வந்து போட்டுப் பாரு." தொழில் அறிந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஜிப்பக்கா தொழிலை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை.

"சரி, புதன்கிழமை வரேன். சனிக்கிழமை நாடகம்."

பேட்டர்னை அச்சடித்துக் கொடுத்த கடைக்காரன், தாள் தாளாக வந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, "என்னக்கா, வீடு கட்டப் போறீங்களா?" என்றான். தாள்களைத் தரையில் பரப்பி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டி, வெட்டி எடுத்தாள். முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்தாள். அதைத் திருத்திக்கொண்ட பிறகுதான் கறுப்புக் கம்பளித் துணியில் கத்தரி வைத்தாள். மார்பு விறைப்பாக நிற்கக் கேன்வாஸ், உள்ளே லைனிங், காலரை இஸ்திரிப் பெட்டி ஆவியில் வளைத்தெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. சலவைக் கடை முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த வாலோட எப்படி உக்காருவாங்க?"

"உக்காரும்போது தூக்கி விட்டுக்கணும்."

"மறந்தா கசங்கும். நமக்கு இஸ்திரிக்கு வரும். நல்ல கோட்டுதான்."

போட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் ஹாங்கரில் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டாள். "நிமிந்து நில்லுடி" என்று அதனிடமே சொல்லி, வாலின் நுனியை இழுத்து விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கோட்டு முடிந்துவிட்டது. குறை என்று விரல் வைக்க ஓர் இடமில்லை. அப்போதுதான் அவள் மறுநாளை எண்ணிப் பார்த்தாள். நாளைக்கு வருவாள், போட்டுப் பார்ப்பாள், நன்றாயிருக்கிறது என்பாள், போய்விடுவாள். காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகாது. அப்புறம் எந்தச் சாக்கில் வருவாள்?

கோட்டின் வலது கையைப் பிரித்தாள். கையும் உடம்பும் சேர வேண்டிய இடத்தில் பேட்டர்னில் இரண்டு துண்டிலும் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். அதைத் தெரிந்தே அரை அங்குலம் பின்னால் தள்ளி வைத்துத் தைத்தாள். கையை நீட்டினால் தோளில் இழுக்கும். இழுக்குது என்பாள். ராத்திரி தங்கு, காலையில் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். தங்குவதற்கென்று புதுத் தலையணை ஒன்றும் வாங்கி வைத்தாள்.

புதன்கிழமை சின்னது வந்தபோது மணி நாலரை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மாடி அறையில் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். "அய்யோ பெரியம்மா, பிரமாதம்!"

"கை இழுக்கலையா?"

"இல்லையே."

"முன்னாடி நீட்டிப் பாரு."

நீட்டினாள். தோளில் சாய்வாய் மூன்று சுருக்கம் விழுந்தது. சின்னது கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுத்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அஞ்சரை பஸ்ஸுக்குப் போகணும் பெரியம்மா, நாளைக்குக் காலையில ஒத்திகை."

கோட்டைக் கழற்றி மடிக்கத் தொடங்கினாள். இப்படியே போனால் சனிக்கிழமை மேடையில், அத்தனை விளக்குக்கும் நடுவில், அந்தச் சுருக்கம் நிற்கும். அதைச் சுமந்துகொண்டு நிற்கப் போவது தான் வளர்த்த பிள்ளை. ஜிப்பக்காவால் பொறுக்க முடியவில்லை.

"கொடு இங்க. வலது கையைத் தப்பா வச்சிருக்கேன்."

"நீங்களா? தப்பாவா?"

"வயசாகுது இல்ல." பழியை வயதின் மேல் போட்டுவிட்டாள். "ரெண்டு மணி நேரம் இரு."

சின்னது கைப்பேசியைப் பார்த்தாள். "சரி, ஏழு மணி பஸ்ஸுல போறேன். அதுதான் கடைசி." கட்டிலில் சாய்ந்தாள். ஜிப்பக்கா கேட்க வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். வேளைக்குச் சாப்பிடுகிறாளா, அப்பா எப்படி இருக்கிறார், மனசுக்குப் பிடித்தவர் யாராவது உண்டா. நூலை அறுத்துக்கொண்டே, "உங்க சித்தி உன்கிட்ட நல்லபடியா..." என்று ஆரம்பித்துத் திரும்பினாள். சின்னது தூங்கிப் போயிருந்தாள்.

மிஷின் கீழே இருந்தது. போனால் சீக்கிரம் முடியும். போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து, கையாலேயே தைத்தாள். அந்த அறையில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டு எத்தனை காலம்! ஒவ்வொரு தையலையும் நெருக்கிப் போட்டாள்.

முடிந்தபோது மணி ஆறே முக்கால். எழுப்பாவிட்டால் பஸ் போய்விடும். வேண்டுமென்றே செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது, அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை என்றால் போயிற்று. ஊசியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். ஒருதரம் செய்தது போதும் என்று தோன்றியது. தோளைத் தொட்டாள்.

"சின்னது, எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அரக்கப்பரக்க எழுந்தவள் கோட்டை மாட்டிக் கையை நீட்டினாள். "அட, இப்ப இழுக்கவே இல்ல!"

"முன்னாடி இழுத்துச்சா?"

"இழுத்துச்சு. நீங்க இவ்வளவு ஆசையாத் தைச்சிருக்கீங்க, குறை சொல்ல மனசு வரல பெரியம்மா."

ஜிப்பக்கா காலரை நேராக்கி விட்டாள். "இழுத்தா சொல்லணும்டி. எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவ?" என்று மட்டும் சொன்னாள்.

பையில் வைத்தால் கசங்கும் என்று சின்னது கோட்டைப் போட்டுக்கொண்டே படியிறங்கினாள். இரண்டு வாலும் பின்னால் ஆட, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, இல்லாத தொப்பியைத் தூக்கித் துரை மாதிரி வணக்கம் வைத்துவிட்டு ஓடினாள். வலது கை அழகாகத்தான் உயர்ந்தது. பஸ் நிற்குமிடம் வரைக்கும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்பது, அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஜிப்பக்காவுக்குத் தோன்றியது.