கரைக்கு வராதவருக்குப் பிணை

ஜசிந்தா உள்ளே நுழைந்ததும் யாழ்ப்பாண மேல் நீதிமன்றமே எழுந்து நின்றது. சரி, இது கொஞ்சம் கூடத்தான். எழுந்தவர் ஒரேயொரு பொலிஸ்காரர். அவருடைய கதிரையில் மூட்டைப்பூச்சி.

கூண்டில் கரைவலைக்காரர் ஒன்பது பேர். கடைசி ஆள் அவளுடைய புருஷன் குருசுமுத்து. ஊர்காவற்றுறைக் கரையில் வலை வளைக்கும் இடத்துக்காக மூண்ட சண்டையில் யாகப்பு வெட்டுப்பட்டு இறந்தார். கொலை வழக்கு ஒன்பது பேர் மீதும் விழுந்தது.

சண்டையன்று குருசுமுத்து நாரிப்பிடிப்பால், இடுப்பை அசைக்க முடியாமல், பாயை விட்டு எழும்பவேயில்லை. ஆனால், பாயில் கிடக்கும் வருத்தக்காரனுக்கும் பங்கு மீன் கொடுப்பது அந்த வலையின் வழக்கம்; அன்றும் அவருக்குப் பங்கு வந்தது. பங்கு வாங்கியவன் வலையில் நின்றவன்தான் என்பது அவர் கணக்கு. பொலிஸ் கேட்டபோது மனுஷன், "நானும் நிண்டனான்" என்றுவிட்டார்.

மறியலுக்குப் போய், சிறைக் கம்பிக்கு இப்பால் நின்று ஜசிந்தா சீறினாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? பாயிலை கிடந்து ஐயோ எண்டு கத்தினது ஆர்?"

"மீனைத் திண்டிட்டு, நான் இல்லையெண்டு சொல்லவோ?"

அவள் நிறைமாதக்காரி. தகப்பன் மறியலில் இருக்கப் பிள்ளை பிறந்துவிடுமோ என்பதே அவள் பயம். அவருக்காக வழக்குப் பேசிய அப்புக்காத்து தில்லைநாதனோ கையை விரித்தார். "பெண்சாதி சொன்னால் ஆர் நம்புவினம், பிள்ளை?"

பிணை விசாரணையில், எல்லோரும் ஒரே கூட்டம், ஒருவருக்கும் பிணை கூடாது என்றது அரச தரப்பு. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டத்துக்கென்று ஒரு தீர்ப்பு இல்லை. ஆளாளுக்குத்தான். ஒவ்வொருவரும் என்ன செய்தார்?"

கத்தி எடுத்தவர், கையைப் பிடித்தவர், சத்தம் போட்டவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்த அரசாங்க வழக்கறிஞர், குருசுமுத்துவிடம் வந்ததும் தடுமாறினார். "தானே நின்றதாக ஒத்துக்கொண்டவர்..."

பின்வரிசை வாங்கிலிருந்து கறுப்புச் சேலைக்காரி ஒருவர் எழுந்தார். யாகப்புவின் மனைவி சின்னத்தங்கம். கொலையைக் கண்ணால் கண்டவர். பிணை கொடுக்கவேண்டாம் என்று கேட்கவே வந்திருந்தவர்.

"ஐயா, என்ரை மனிசனை வெட்டினவங்கள் உள்ளுக்கை கிடக்கட்டும். ஆனா அந்தாள் கரைக்கு வரேல்லை. செத்தவற்றை பேரிலை பொய் வேண்டாம்."

கத்தி எடுத்தவருக்கும் கையைப் பிடித்தவருக்கும் பிணை மறுக்கப்பட்டது. மற்றவர்களை நீதிபதி ஒவ்வொருவராக விசாரித்தார். குருசுமுத்துவுக்குப் பிணை கிடைத்தது. பின்னர் வழக்கிலிருந்தே விடுபட்டார். மகள் பிறந்தபோது வாசலில் நின்று அவர்தான் அழுதார். பெயர் தெரியாத அந்த நீதிபதிக்கும் சின்னத்தங்கத்துக்குமாக ஜசிந்தா இன்றும் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறாள்.

பிணை கிடைத்த கையோடு குருசுமுத்து, நாரிப்பிடிப்பையும் மறந்து, பஸ்ஸை முந்திக்கொண்டு பாலத்தால் ஓடி வீட்டுக்கு வந்து...

இதுவரை நான் வாசிக்கக் கேட்டபடி இறால் உடைத்துக்கொண்டிருந்த ஜசிந்தா நிமிர்ந்தாள்.

"உங்கடை கதைக்கு ஒரு பூட்டுப் போடவேணும். அவர் நேரை வீட்டை வரேல்லை. சின்னத்தங்கம் அக்கான்ரை படலையிலை போய் நிண்டவர். அவ உள்ளை கூப்பிடேல்லை. ஒரு செம்பு தண்ணி கொண்டுவந்து தந்தவ. அதைக் குடிச்சிட்டுத்தான் வந்தவர்."