மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு ரவுட்டர்

அஸாம் பூட்டிய வைஃபைக்குள் கள்ளன் நுழையவே முடியாது என்று தாழ்வுபாடு கிராமத்தில் ஒரு கதை உலாவுகிறது. கிளப்பியது யார் என்று விசாரித்தேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் அஸாமைக் காட்டினார்கள். மற்ற இருவர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. ஆகவே கதையைச் சரிபார்க்க, ஒரு வியாழக்கிழமை காலை, ஏணியைப் பிடித்தபடி அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

அஸாம், வீடு வீடாய் வைஃபை பூட்டிக் கொடுக்கும் நாற்பது வயதுக்காரர். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே கண் சுவரில் பிளக் தேடும். கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மின்சாரத்தோடு இருக்கும் ஒரே இடம் மாதா சுரூபம் நிற்கும் தட்டு. சின்ன பல்ப் எரியும் அந்தத் தட்டில்தான் அஸாம் ரவுட்டரை வைப்பார். "கம்பனி பொறுப்பெடுக்காது. நீங்களும் எடுக்கமாட்டியள். அவ பாத்துக்கொள்ளுவா அக்கா" என்பார். முஸ்லிம் வீடுகளில் அதே பொறுப்பு துஆ பிரார்த்தனை எழுதிய சட்டகத்துக்குப் போகும்.

பாஸ்வேர்ட் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்: ஒன்று முதல் எட்டு வரை. "நூத்தியிருவது வீடு. அவ்வளவையும் ஞாபகம் வைக்க நான் என்ன கந்தோர்ப் பதிவேடே?"

அன்று கூப்பிட்டிருந்தவர் தையல் வேலை செய்யும் மேரி ரோஸ். மகள் தர்ஷிகாவுக்குப் பதினொரு மணிக்கு, கொழும்பு நிறுவனம் ஒன்றின் வேலை நேர்முகம், வீடியோவில். திகதியோ பன்னிரண்டு, அந்த மாத டேட்டா முழுவதும் தீர்ந்திருந்தது. சந்திக் கடையின் ரீலோட் மெஷினும் பழுது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

"எங்கட வீட்டில ரெண்டே ரெண்டு போன் தம்பி. பத்தாந் திகதிக்கு மேல டேட்டா ஒரு மாசமும் நிண்டதில்லை."

அஸாம் தன் போனில் ரவுட்டரைத் திறந்தார். அந்த வீட்டு வைஃபையில் தொற்றியிருந்த பதினேழு போன்கள் வரிசையில் நின்றன. "மேசன் றமீஸ். ஐஸ்காரன். இது எதிர்த் தேத்தண்ணிக் கடை" என்று ஊர் விதானையார் பெயர் கூப்பிடுவதுபோல வாசித்தார். மேரி ரோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் மேல நிக்கிறது ஆர்?"

"அது நான். லைன் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்க."

"தேத்தண்ணிக் கடை வாங்கில குந்தியிருந்து, மாசம் முழுக்கப் பாக்கிறீரோ? பாத்துப் பாத்துச் சிரிக்கேக்க நினைச்சனான், லைனில என்ன பகிடி கிடக்கெண்டு."

தர்ஷிகாவுக்கு அந்த நியாயமெல்லாம் தேவைப்படவில்லை. "அண்ணா, உங்கட போன்ல ஹொட்ஸ்பொட் போடுங்கோ. இருவது நிமிசம்தான் இருக்கு."

அஸாம் தரையைப் பார்த்தார். அவருடைய போனில் டேட்டா இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நூற்றியிருபது வீட்டுக்கு வைஃபை பூட்டியவர் எதற்காக வாங்க வேண்டும்? பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாதாவைப் பார்த்தேன். என்னுடையதும் அப்படித்தான்.

"பக்கத்தில இராயப்பு அண்ணருக்குப் போன கிழமைதான் பூட்டினனான்" என்றார் அஸாம் மெதுவாக. "இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

இராயப்பு விடியற்காலை கடலால் வந்து, நல்ல நித்திரையில் இருந்தார். தர்ஷிகா உட்காரும் கதிரை வேலியோரம் போனது; ஒன்று முதல் எட்டு வரை தட்டினாள். சரியாகப் பதினொரு மணிக்கு கொழும்பு முகம் தெரிந்தது. வீட்டிலிருந்தே செய்யும் வேலையாம். உங்கள் இணைய இணைப்பு பாதுகாப்பானதா, சொந்தமானதா என்று கேட்டார்கள். வேலிக்கு அப்பால் குறட்டை கேட்டது. "ஓம்" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது, அடுத்த முதலாந் திகதி தொடக்கம். மேரி ரோஸ் மகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அஸாமின் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஜிபியாவது போயிருக்கும். அந்த மனிசனிட்டச் சொல்லிப்போட்டுப் போம். திருப்பிக் குடுக்கிறது உம்மட பாடு."

"ஓம் அக்கா, இப்பவே சொல்லுறன்."

இராயப்புவின் வேலிப் படலையில் தட்டக் கையை உயர்த்தினார் அஸாம். சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. அது தானாகவே இராயப்புவின் லைனைப் பிடித்துவிட்டது. எடுத்துப் பார்த்தார். நின்றபடியே ஒரு வீடியோவைக் கடைசிவரை பார்த்து, வாய்க்குள் சிரித்தார். பிறகு, நித்திரை கொள்ளும் மனிதரை எழுப்பக் கூடாது என்பதுபோல, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யாமல் சந்திவரை உருட்டிக்கொண்டு போனார்.