இரும்பு முடிகிற இடம்

கோதுமை மாவு சலிக்கப் போன கல்பகம், சுவரில் வெறும் ஆணியைத்தான் பார்த்தாள். சல்லடையைக் காணோம். பின்பக்கம் துவைக்கிற கல்லில் ஜகதீசன் உட்கார்ந்திருந்தார். சல்லடையின் வலை கிழிந்து ஒரு மூலையில் கிடந்தது. அதன் மர வளையத்தில் அவர் எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இது நான் பாளையங்கோட்டையில இருந்து கொண்டாந்த சல்லடை.”

“இங்க விக்கிறதெல்லாம் தகரம். தகரம் ஆகாது. மரம்தான் வேணும்.”

“மாவுக்கா?”

“காயிலுக்கு. கம்பிச் சுருளுக்கு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் சண்டை போட்டு ஒரு பொருளையும் அவள் திரும்ப வாங்கியதில்லை. அன்றைக்கு மாவைச் சலிக்காமலே பிசைந்தாள். சப்பாத்தியில் தவிடு இருப்பதாக அவர் சொன்னார்.

அது 1984. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் குடிவந்த சில வருஷங்களில் நடந்தது. ஜகதீசன் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பால்காரன் ஊற்றியதையும் அளப்பார், டாக்டர் சொன்ன காய்ச்சலையும் அளப்பார். விளக்குமாற்றுக் கழியில் சல்லடை வளையத்தைப் பூட்டி, அதோடு ஒரு பெட்டியையும் காதில் மாட்டுகிற ஹெட்போனையும் சேர்த்தார். வளையத்துக்கு அடியில் உலோகம் வந்தால் காதில் கேட்கிற முனகல் கீச்சென்று ஏறும். அதுதான் யந்திரம்.

எதற்காக என்பது கல்பகத்துக்குத் தெரியும். அதனால்தான் சல்லடையோடு விட்டாள்.

அவர்களுடைய முதல் பிள்ளை 1963இல் போனான். அப்போது அதே ஊரின் இன்னொரு பக்கம், லோத்குண்டாவில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லை. காய்ச்சலில் ஜன்னி கண்டு ஒரே நாளில் முடிந்துவிட்டது. குழந்தைகளை எரிக்கிற வழக்கமில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ராணுவ நிலத்தை ஒட்டி, ஒரு இடுகாடு இருந்தது. ஜகதீசனும், பக்கத்து வீட்டில் இருந்த ரயில்வே பட்டறைக்காரர் வேதாசலமும் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் போகக்கூடாது. கல்பகம் வாசல்படியோடு நின்றுவிட்டாள். குழியைக் கண்டதும் ஜகதீசனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பிடி மண்ணைப் போடச் சொல்லி, “தகப்பன் திரும்பிப் பாக்கக் கூடாது, நட” என்று வேதாசலம் அவரை அனுப்பிவிட்டார். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். மழை கொட்டியது. ஜகதீசன் திரும்பிப் பார்க்காமல் வந்து சேர்ந்தார்.

ஆகவே, தாய் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. தகப்பன் பார்த்தும் பார்க்காதவர். இடம் தெரிந்த ஒரே மனிதரான வேதாசலம் ஓய்வு பெற்று அரக்கோணம் போனார். அங்கேயே காலமும் ஆனார். அவர் மனைவி தாயம்மாளும் பின்னாலேயே போய்விட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் தாயம்மாளால் நடந்தது. குழந்தை போன மறுமாதம் அவள் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கல்பகத்தின் கையில் வைத்தாள். உள்ளே குழந்தையின் வெள்ளி அரைஞாண்.

“குழி வெட்டறவன் அறுத்துக் குடுத்துட்டானாம்மா. உலோகம் எதுவும் கூடப் போவக்கூடாதாம். எல்லாக் கொழந்தைக்கும் அப்படித்தானாம். எங்க வூட்டுக்காரருக்கு உங்க வூட்டுக்காரர் கையில குடுக்க மனசு வரல.”

கல்பகம் அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். நீலா பிறந்தபோது பாட் மார்க்கெட் ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக் கொலுசு செய்து போட்டாள். ஜகதீசன் கொலுசைப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார். வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. செத்த பிள்ளையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது யாரும் போடாத ஒப்பந்தம். அவன் பெயரைக்கூட வீட்டில் சொல்வதில்லை.

இப்போது அந்த நிலத்தை ஏதோ ஒரு சங்கம் வாங்கி மனை பிரிக்கப் போகிறது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அன்று மாலை ஜகதீசன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் வந்து நின்றார்.

“அந்த எடத்தைக் கண்டுபிடிச்சிரணும். அதுக்கு மேல அவனுவ வீடு கட்டுறதுக்கு முன்னால.”

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

வேறு ஆளாக இருந்தால் நேராக லோத்குண்டாவுக்குப் போய் நாலு பேரை விசாரித்திருப்பான். ஜகதீசன் ஆபிட்ஸ் நடைபாதைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகம் விற்கிற இடம் அது. வாரம் தவறாமல் போய், கடைசியில் துணியில் ஒட்டிய ஒரு மேப்போடு வந்தார். வெள்ளைக்காரன் காலத்து ராணுவ மேப். கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. சாப்பாட்டு மேசையின் மேல் இருந்த கண்ணாடிப் பலகையைக் கழற்றி இரண்டு ஸ்டூலில் நிறுத்தி, அடியில் பல்பை எரியவிட்டு, அதன்மேல் பழைய மேப்பையும் அதற்கு மேல் புதிய மேப்பின் டிரேசிங் தாளையும் போட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“இதப் பாரு,” என்றார். “இங்க பட்டாளத்துக் கூடாரம் அடிச்சிருக்கான். வருஷக்கணக்கா இதே எடத்துல. இதுக்கு வடக்க கல்லறைக் குறி போட்டிருக்கான். அதுதான் இடுகாடு. அம்பது அறுபது வருஷத்துல ஏரி சுருங்கிட்டு, ரோடு மாறிட்டு. மேலே பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆனா கூடாரம் அடிச்ச எடத்துல மண்ணுக்குள்ள இரும்பு முளை கெடக்கும், பூட்ஸ் ஆணி கெடக்கும். இரும்பு எங்க முடியுதோ அங்க இடுகாடு ஆரம்பம்.”

அது அவளுக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் புரிந்த ஒரே விஷயம் என்பதால் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

பழைய மேப்பைப் புதியதோடு பொருத்த மூன்று அடையாளங்கள் எடுத்தார். ஏரி மதகு, ஒரு கிணறு, ஒரு மைல்கல். மூன்றும் ஒத்துவரவில்லை. மைல்கல்லை யாராவது பிடுங்கி நட்டிருப்பார்கள், மதகை யார் நகர்த்துவார் என்று மதகை நம்பினார். கரை உடைந்தபோது மதகைத்தான் நகர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மைல்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. இது தெரிவதற்குள் அவர் தவறான பக்கத்தில் ஒரு பருவம் முழுக்கத் தோண்டியிருந்தார்.

ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கழியைக் கட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் ஒரு பை நிறையத் துரு வரும். சோடா பாட்டில் மூடி, குதிரை லாடம், பெல்ட் கொக்கி, வளைந்த ஆணிகள். எதையும் எறியமாட்டார். எது எங்கே கிடைத்தது என்று மேப்பில் புள்ளி வைக்கும்வரை துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக இருக்கும். வெள்ளை வேட்டியெல்லாம் துருக்கறை.

எதிர்வீட்டு ரமா ஒருநாள் வாசலில் நிறுத்தினாள். “ஏம் மாமி, உங்க வீட்டுக்காரருக்கு நிஜாம் புதையல் ஆப்ட்டுடுச்சாமே?”

“ஹவ், ஆமா. ஒரு லாடம் ஆப்ட்டிருக்கு. இன்னும் மூணு வந்தா குதிரை வாங்கணும்.”

நீலா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “நை ஹோத்தா, ஆகாது அப்பா. ரேஞ்ச் போதாது. மூணு அடிக்குக் கீழ இது எதையும் பார்க்காது” என்றாள்.

“மனை போடுறவன் மேல் மண்ணை ஏற்கனவே சுரண்டிட்டான். ஒண்ணரை அடிதான் இருக்கும்.”

“ஒண்ணரைக்கும் டவுட்தான்.”

அவர் மூங்கிலை வளைத்து இன்னும் பெரிய காயில் செய்தார். சல்லடை வளையம் பரணுக்குப் போனது. அதைத் திரும்பக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் வரவில்லை. இருட்டிய பிறகுதான் வந்தார். ராணுவ வேலியைத் தாண்டிக் கழியை ஆட்டிக்கொண்டிருந்தவரைக் காவல்காரன் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

“என்ன சொல்லி வெளிய வந்திய?”

“மேப்பைக் காட்டினேன்.”

“பட்டாளத்து மேப்பைப் பட்டாளத்துக்காரன்கிட்டயே காட்டினியளா?”

“ஆபீசர் நல்ல மனுசன். டீ குடுத்தான். அவனுக்கு ஒரு காப்பி வேணுமாம்.”

கல்பகம் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இரும்பு ஒருநாள் முடிந்தது. மைல்கல்லை வைத்துத் திருத்திய மேப்படி வடக்கே போகப் போக முளைகள் குறைந்து, ஒரு கோட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அவர் வந்து சொன்னார். கல்பகம் சாமி விளக்கை ஏற்றினாள். முடிந்தது, மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறும் கழியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்கடுத்த ஞாயிறும். வெறும் பையோடு வந்தார். முகம் கறுத்திருந்தது. காயில் சரியில்லை என்றார், பேட்டரி சரியில்லை என்றார், பெட்டியைப் பிரித்துக் கோத்தார். என்ன தேடுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டால் ரெசனன்ஸ் என்று ஆரம்பிப்பார் என்பதால் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது என்ற செய்தி வந்தது. ஞாயிறு காலை அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கல்பகம் பிளாஸ்கோடு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க?”

“வாறேன்.”

“பொம்பளைய அங்க—”

“நாளைக்கு அங்க வீடு கட்டி பொம்பளைய குடும்பமே நடத்தப் போறா. ஓட்டுங்க.”

பொட்டல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கருவேல முள். மனைக்கான வெள்ளைக் கற்களை ஏற்கனவே நட்டுவிட்டார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, தெரிந்தவரைப் பார்த்ததுபோல, “பங்காரம் தொரிகிந்தா சாரு?” என்று கேட்டாள். தங்கம் கிடைத்ததா என்று. இல்லை என்று ஜகதீசன் கையை ஆட்டினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குனிந்து, நடக்கத் தொடங்கினார்.

கல்பகம் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். வெயில் ஏறியது. போனார், வந்தார். நின்றார், காயிலைத் தட்டினார், மறுபடி போனார். ஐம்பது வயதுக்காரர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள்.

“இரும்பு முடியிற எடம்தான் இடுகாடுன்னிய. முடிஞ்சிட்டுல்லா?”

“போன மாசமே முடிஞ்சிட்டு.”

“பின்ன என்னத்தத் தேடுதிய?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அரைஞாண்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வெள்ளி. நல்ல கனமாப் போட்டோம்லா. அவன் மேல கெடந்த உலோகம் அது ஒண்ணுதான். அது கேட்டுட்டா, சரியா இந்த எடம்னு தெரிஞ்சிரும்.”

“அது இங்க இல்ல.”

“இருக்கும். ஆழம்தான் பிரச்சனை. காயிலை இன்னும்—”

“இல்லங்கேன்! குழி வெட்டுனவன் அன்னைக்கே அறுத்துட்டான். தாயம்மா மதினி எங்கையில கொண்டாந்து குடுத்தா. நீலா கால்ல கொலுசு கெடந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சிய?”

ஜகதீசன் கழியைத் தரையில் ஊன்றினார். ஹெட்போன் கழுத்தில் தொங்கி முனகிக்கொண்டிருந்தது.

“ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டியளா? மேப்புகிட்ட கேட்டிய. மைல்கல்லுகிட்ட கேட்டிய. பட்டாளத்துக்காரன் வரைக்கும் கேட்டாச்சு. இருவத்தோரு வருஷமா ஒரே வீட்டுல கெடக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

“கேட்டா நீ அழுவே.”

“அழுதா அழுதுட்டுப் போறேன். சல்லடையாவது மிஞ்சியிருக்கும்.”

மாடுகள் பாறைப் பக்கம் போய்விட்டன. அவர், சோதனைப் பிரிவில் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

“அவனுக்கு மட்டும் அறுத்தானா, எல்லாத்துக்குமா?”

“எல்லாக் கொழந்தைக்கும்தான்னு சொன்னா.”

ஜகதீசன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முள்ளுப் புதர்வரை நடந்தார், பாறைவரை நடந்தார், திரும்பி வந்தார். கண்கள் நனைந்திருந்தன.

“ஒரு ஆணி கெடையாது. ஒரு மூடி கெடையாது. சுத்தியும் இரும்பு, இந்த ஒரு துண்டு மட்டும் சத்தமே இல்ல. ஒரு மாசமா காயிலைத் திட்டிக்கிட்டு இருந்தேன். யந்திரம் சரியாத்தான் இருந்திருக்கு.”

“யந்திரத்துக்கு என்ன கேடு.”

அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மைல்கல்லிலிருந்து இத்தனை அடி, பாறையிலிருந்து இத்தனை என்று முணுமுணுத்தபடி ஒரு முனையை அவளிடம் நீட்டினார்.

“நக்கோ,” என்றாள் கல்பகம், காய்கறிக்காரனிடம் சொல்வதுபோல. “அளக்க வேண்டாம்.”

“சரியா எதுன்னு—”

“அவன் ஒருத்தன் மட்டுமா கெடக்கான் இங்க?”

பிளாஸ்க்கைத் திறந்தாள். காப்பி என்று அவர் நினைத்திருந்தார். வெறும் பால். நடந்துகொண்டே, ஓரிடத்தில் நிற்காமல், அந்தச் சத்தமில்லாத மண்ணின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு போனாள். கடைசிச் சொட்டு விழுந்தபோது “தியாகு” என்றாள். வீட்டுக்குள் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான். ஜகதீசன் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார்.

ஸ்கூட்டருக்கு வந்தார்கள். அவர் கழியைக் கட்டி முடித்தார். அவள் பொட்டலைப் பார்க்கத் திரும்பினாள்.

“ஏளா, பாக்காத. பாக்கக் கூடாது.”

“நீங்க பாக்காம வந்ததுலதான் இம்புட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் நின்று பார்த்தாள்.

ஜகதீசன் ஸ்கூட்டரை ஒருமுறை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைக்கவில்லை. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவரும் திரும்பினார்.